நுவாக்கோட் மலையில் ஒரு கல் கட்டடம்: தன்னார்வச் சித்தாள் ஒருவரின் வேலைப் பதிவு

நேபாளத்தின் நுவாக்கோட் மாவட்டத்தில், திரிசூலி ஆற்றுக்கு மேலே மலைச்சரிவில் இருக்கும் தாமாங் இன மக்களின் ஒரு கிராமத்தில், அங்குள்ள தாய்மார் குழுவுக்கான இரண்டு அறைக் கட்டடம் ஒன்று 2017 இறுதியில் தொடங்கிய வறண்ட பருவத்தில் கட்டப்பட்டது. சுவரை எழுப்பியவர்கள் ஊர் டகர்மிகள், அதாவது கொத்தனார்கள். வெளியிலிருந்து போன நாங்கள் அவர்களுக்குச் சித்தாள்களாக இருந்தோம். கோவைப் பக்கம் கட்டட மேற்பார்வை பார்த்துச் செங்கல்லும் சிமெண்டும் பில்லருமாகப் பழகியிருந்த எனக்கு, மண்சாந்தில் கல் அடுக்கி நிலநடுக்கத்துக்குத் தாங்கும் சுவர் எழுப்பும் முறை புதியது. அந்த முறையையும், அதில் தன்னார்வலரின் கைக்கு எங்கே வேலை இருக்கிறது, எங்கே இல்லை என்பதையும், இதுபோன்ற பணிக்குப் போக நினைப்பவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

முதலில், பழைய கட்டடம் எப்படி விழுந்தது என்பதைச் சொல்ல வேண்டும். ஏனென்றால் புதிய கட்டடத்தின் ஒவ்வொரு விவரமும் அந்த விழுகைக்கான பதிலாகத்தான் அமைந்தது. 2015 ஏப்ரல் 25 அன்று நண்பகலுக்குச் சற்று முன், கோர்க்கா மாவட்டத்தின் பார்பாக் பகுதியை மையமாகக் கொண்டு 7.8 அளவில் நிலம் நடுங்கியது. மே 12 அன்று 7.3 அளவில் மீண்டும் ஒரு பெரிய நடுக்கம். ஏறத்தாழ 9,000 பேர் இறந்தார்கள். மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட 14 மாவட்டங்களில் நுவாக்கோட்டும் ஒன்று. ஏப்ரல் 25 சனிக்கிழமை, நேபாளத்தில் வார விடுமுறை நாள் என்பதால், குழுவின் கட்டடத்தில் அப்போது யாரும் இருக்கவில்லை.

அந்த மலைப் பகுதியின் பழைய கல் சுவர், வெளியிலிருந்து பார்க்க ஒன்றரை அடி, இரண்டடி தடிமனுள்ள ஒரே சுவராகத் தெரியும். உண்மையில் அது உள்முகம், வெளிமுகம் என்று தனித்தனியாக அடுக்கிய இரண்டு சுவர்கள். இடையில் சக்கை எனப்படும் சிறு துண்டுக் கல்லும் மண்ணும் கொட்டி நிரப்பியிருக்கும். நிலம் அசையும்போது நடுவிலுள்ள நிரப்பு கீழே இறங்கி ஆப்பு வைத்ததுபோல இரு முகங்களையும் பிளந்து தள்ள, வெளிமுகம் உப்பிக்கொண்டு சரிகிறது. அதன்பின் கூரையின் பாரத்தைத் தாங்க ஒற்றை முகம் மட்டுமே மிஞ்சுகிறது. மூலையில் சந்திக்கும் இரண்டு சுவர்களும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாததால் அங்கே செங்குத்தாக வெடித்து, ஒவ்வொரு சுவரும் தன் போக்கில் ஆடுகிறது. கூரையின் முக்கோணத்தை நிரப்பியிருக்கும் கல்தான் பெரும்பாலும் முதலில் விழுகிறது. 1993 செப்டம்பர் 30 அன்று மகாராஷ்டிரத்தின் லாத்தூர் பகுதியில் கில்லாரியைச் சுற்றிய ஊர்கள் தரைமட்டமானதும் ஏறக்குறைய இதே காரணத்தால்தான். எங்கள் மனையில் பாதி நின்றுகொண்டிருந்த பின்சுவரின் வெட்டுமுகத்தில் இந்தப் பிளவை விரலை விட்டுப் பார்க்க முடிந்தது. உள்முகத்திலிருந்து வெளிமுகத்துக்கு ஒரு கல்கூட ஊடாகப் போகவில்லை.

இருந்தும் ஊர்க்காரர்கள் கல்லைத்தான் குற்றம் சாட்டினார்கள். கல்லும் மண்ணும் கொன்றன, ஆகையால் இனி கான்கிரீட் தூண் நிறுத்திக் கட்டும் 'பில்லர் வீடு'தான் என்ற எண்ணம் நிலநடுக்கத்துக்குப் பிறகு மலைக் கிராமங்களில் பரவலாக இருந்தது. குழுவின் கூட்டத்திலும் அதுவே முதல் கோரிக்கையாக வந்தது. கம்பி கட்டுவதற்கும் கான்கிரீட் போடுவதற்கும் தேர்ந்த ஆள் இல்லாத இடத்தில், ஒல்லியான தூண்களும் தேனடைபோல ஓட்டை விழுந்த கான்கிரீட்டுமாக நிற்கும் பில்லர் வீட்டை விட, ஒழுங்காகக் கோத்துக் கட்டிய ஒரு தளக் கல் வீடு பாதுகாப்பானது என்பதே என் கருத்து. ஆனால் கூட்டத்தின் மனத்தை மாற்றியது பாதுகாப்பு பற்றிய பேச்சு அல்ல, சுமைக் கணக்கு.

கட்டடத்தின் வெளியளவு 7.5 மீட்டருக்கு 4.5 மீட்டர், நடுவில் ஒரு குறுக்குச் சுவர், தடிமன் 450 மில்லிமீட்டர். இந்தக் கல் சுவரைச் சிமெண்ட் சாந்தில் கட்டினால் சாந்துக்கு மட்டும் ஏறக்குறைய 40 மூட்டை சிமெண்டும் 12 டன் மணலும் வேண்டும். சிமெண்ட்டாவது மூட்டையாக வரும். மணல் திரிசூலிக் கரையிலிருந்து லாரியில் வந்து, சாலை முடியும் இடத்திலிருந்து முதுகுக் கூடையில்தான் ஏற வேண்டும். அந்தக் கூடைக்கு டோக்கோ என்று பெயர். நாம்லோ என்ற பட்டை வாரை நெற்றியில் கொடுத்துச் சுமப்பார்கள். சுமப்பவர்களில் பெரும்பாலோர் அந்தக் கூட்டத்தில் அமர்ந்திருந்த பெண்களேதான். மண்ணோ மனையிலேயே இருக்கிறது. ஆகவே சுவர் மண்சாந்தில், சிமெண்ட், சுவரைச் சுற்றி வளைத்துப் பிடிக்கும் கம்பிக் கான்கிரீட் பட்டையான 'பெல்ட்'டுக்கும் செங்குத்துக் கம்பிகளைச் சுற்றிய நிரப்புக்கும் மட்டும் என்று முடிவாயிற்று. நேபாளத்தின் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் வலுக்குறைந்த கட்டுமானத்துக்கென்றே 203ஆம் விதி இருக்கிறது. புனரமைப்புக்காக அரசு வெளியிட்ட மாதிரி வீட்டு வரைபடங்களிலும் மண்சாந்துக் கல் வீடு உண்டு. எங்கள் வரைபடத்தை அவற்றையொட்டி ஓர் உள்ளூர்ப் பொறியாளர் போட்டுத் தந்தார்.

போய்ச் சேருவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இந்தியக் குடிமக்களுக்கு நேபாளம் செல்ல விசா தேவையில்லை. கோரக்பூர் வரை ரயில், பிறகு சுனௌலி எல்லை, அங்கிருந்து பேருந்து. மற்ற நாட்டவர்களுக்கு விசா வேண்டும் என்பதோடு, சுற்றுலா விசாவில் சம்பளமில்லாத வேலை செய்யவும் அனுமதி கிடையாது என்பதை அழைத்துச் செல்லும் அமைப்புகள் பல நேரம் வாய்விட்டுச் சொல்வதில்லை. காசு வாங்கிக்கொண்டு ஆள் கூட்டிப் போகும் எந்த அமைப்பிடமும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

வேலை, கல் பிரிப்பதில் தொடங்கியது. விழுந்த கட்டடத்தின் கல் முழுவதும் ஒரே குவியலாகக் கிடந்தது. அதை நான்காகப் பிரித்தோம். இரண்டு பக்கம் சதுரமாக உடைந்திருக்கும் பெரிய கற்கள் மூலைக்கு, 450 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ளவை சுவரின் இரு முகங்களையும் ஊடாகப் போய்க் கோக்கும் ஊடுகல்லுக்கு, ஒரு முகமாவது தட்டையாக இருப்பவை சுவர் முகத்துக்கு, மீதி சக்கை. ஆற்றங்கல்போல உருண்டவற்றை அஸ்திவாரத்துக்குள் போட்டுவிடலாம், சுவரில் வைக்கக்கூடாது. தலைமை டகர்மியை எல்லோரும் தாஜு, அதாவது அண்ணன், என்றே அழைத்தோம். அவர் குவியலின் மேல் நின்றபடி பார்த்தவுடனே எது எந்தக் குவியலுக்கு என்று கையால் காட்டிவிடுவார். நாங்கள் அளவு நாடா பிடித்துத்தான் கற்றுக்கொண்டோம். பயிற்சியில்லாத பத்துப் பேரை வைத்து ஒரு கட்டுமான இடத்தில் உருப்படியாகச் செய்ய முடிந்த வேலைகளில் இதுவே முதன்மையானது என்பேன். அலுப்பூட்டும் வேலை, புகைப்படத்துக்கு அழகாக இராது, ஆனால் கல் தரம் பிரிந்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் டகர்மியின் நாள் கல் தேடுவதில் கழியாது. அவருடைய நேரம்தான் அந்த ஊரில் மிக அரிதான பொருள். வாலிபர்களில் பலர் வளைகுடாவிலும் மலேசியாவிலும் வேலைக்குப் போயிருந்தார்கள். மாவட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் வீடுகள் எழும்பிக்கொண்டிருந்ததால் கொத்தனாருக்குக் கடும் கிராக்கி. நிலநடுக்கத்துக்குப் பிந்திய பயிற்சியில் கரணை பிடிக்கக் கற்ற பெண்கள் இருவர் எங்கள் வேலையில் இருந்தார்கள். அவர்களில் மூத்தவர் வைத்த மூலைகள் தாஜுவின் மூலைகளை விட நேராக இருந்தன என்பதைத் தாஜுவே தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து ஒப்புக்கொண்டார்.

நீளக் கல் போதவில்லை என்பது குவியல் பிரிந்தவுடனேயே தெரிந்துவிட்டது. விதிப்படி, சுவர் 600 மில்லிமீட்டர் உயரும் ஒவ்வொரு முறையும், கிடைமட்டமாக 1.2 மீட்டருக்கு மிகாத இடைவெளியில் ஒரு ஊடுகல் வர வேண்டும். கதவு, ஜன்னல் கழித்தும் எங்கள் சுவருக்கு அறுபதுக்கு மேல் தேவைப்பட்டது; கிடைத்த நல்ல கற்களில் பாதியை மூலைகளே விழுங்கிவிட்டன. இதற்கு மாற்று உண்டு. சுவர்த் தடிமனில் முக்கால் நீளமுள்ள இரண்டு கற்களைப் பக்கத்தில் பக்கத்தில், ஒன்று உள்ளிருந்தும் மற்றொன்று வெளியிலிருந்துமாக ஒன்றையொன்று தாண்டிப் போகும்படி வைக்கலாம். அல்லது கான்கிரீட்டில் கட்டை வார்க்கலாம். நாங்கள் வார்க்கும் வழியை எடுத்தோம். 50 மில்லிமீட்டர் சதுரம், 450 நீளம், நடுவே 8 மில்லிமீட்டர் கம்பி ஒன்று. சிகர்மி, அதாவது தச்சர், பலகைகளை அடித்து ஒரே நேரத்தில் பத்துக் கட்டை வார்க்கும் அச்சுப் பெட்டி ஒன்றைச் செய்து கொடுத்தார். மெல்லிய கட்டையாதலால் ஜல்லி 12 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. கையால் உடைத்து, சல்லடையில் சலித்துத்தான் எடுத்தோம். மறுநாள் அச்சைக் கழற்றி, வைக்கோலைப் போர்த்தி, தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். அஸ்திவாரம் நடந்துகொண்டிருந்த நாட்களில் இது எங்கள் தனித் தொழிற்சாலையாக ஓடியது. சுவர் அந்த மட்டத்துக்கு வந்தபோது கட்டைகள் தயாராக, காய்ந்து, அடுக்கில் இருந்தன.

மண்ணுக்குச் சோதனை உண்டு, ஆய்வுக்கூடம் வேண்டாம். மனையின் மூன்று இடங்களிலிருந்து, மேல்மண்ணை நீக்கிவிட்டு, மண் எடுத்துப் பிசைந்து, கோலிக்குண்டை விடச் சற்றுப் பெரிய, இரண்டு சென்டிமீட்டர் உருண்டைகளாகப் பிடித்து, நிழலில் இரண்டு நாள் உலர வைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வைத்து முழு பலத்தோடு நசுக்கிப் பார்க்க வேண்டும். உடையாவிட்டால் மண்ணில் களிமண் அளவு போதும். ஒரு குழியின் மண் தூளாகிவிட்டது, அதை விட்டுவிட்டோம். தேர்ந்த மண்ணைச் சலித்து, நீர் விட்டு ஊறப் போட்டு, நறுக்கிய நெல் வைக்கோலைக் கலந்து காலால் மிதிக்க வேண்டும். டிசம்பர் காலையில் அந்தச் சேற்றில் இறங்குவது எப்படியிருக்கும் என்பதைக் கோவைக் குளிர் பழகிய என் கால்கள் நன்றாகவே அறிந்துகொண்டன.

அஸ்திவாரத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வானம், அதாவது அஸ்திவாரக் குழி, தோண்டி, கெட்டி மண் வந்ததும் நிறுத்தி, லாமா ஒருவர் வந்து பூசை செய்து, பெரிய கற்களைப் போட்டு மேலே வந்தோம். கவனிக்க வேண்டியது ஒன்றே: சுவரின் செங்குத்துக் கம்பிகள் இங்கேயே தொடங்குகின்றன. மூலைகளிலும், சுவர்கள் சந்திக்கும் இடங்களிலும், கதவு ஜன்னல்களின் இரு ஓரங்களிலும் 12 மில்லிமீட்டர் கம்பியை அடியில் வளைத்துக் கான்கிரீட்டில் பதித்து, மூங்கிலில் கட்டி நிறுத்திவிட்டோம். அதன்பின் கட்டடத்தின் தரை அமையும் பேஸ்மட்டத்தில் 150 மில்லிமீட்டர் உயரத்துக்கு முதல் பெல்ட்.

இந்தக் கம்பியை மண்சாந்துச் சுவருக்குள் அப்படியே விட்டால் ஈரத்தில் துருப்பிடித்துவிடும். கல்லும் அதைப் பிடித்துக்கொள்ளாது. அதற்கு ஒரு குழாய் உத்தி இருக்கிறது. இந்தியத் தர நிர்ணய ஏட்டிலும் அது சொல்லப்பட்டிருக்கிறது, ஆனால் நம் ஊரில் கல் சுவருக்குள் கம்பி விடும் வேலை அபூர்வம் என்பதால் நான் கண்டதில்லை. மூன்று அங்குல பி.வி.சி. குழாயை இரண்டரை அடிக்கு அறுத்துக் கம்பியின் மேல் மாட்டி நிறுத்த வேண்டும். அதைச் சுற்றித்தான் கல் அடுக்குவார்கள். சுவர் இரண்டடி எழும்பும்வரை குழாய்க்குப் பக்கத்தில் ஒருவர் இருந்து, மண் அதைக் கவ்விக்கொள்ளாதபடி அவ்வப்போது அரைச்சுற்று திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டடி வந்ததும் குழாயை மெல்ல மேலே இழுத்தால், கம்பியைச் சுற்றி வழுவழுப்பான ஓர் உருளைத் துளை நிற்கும். அதற்குள் சிறு ஜல்லிக் கான்கிரீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டி, ஒரு கம்பியால் குத்திக் குத்தி இறக்க வேண்டும். பிறகு குழாய் அடுத்த இரண்டடிக்குப் போகும்.

சொல்லும்போது எளிதாகத் தெரிகிற இந்த வேலையில் இரண்டு நுணுக்கங்கள் இருந்தன. திருப்புகிறவர் மறந்து ஒரு மணி நேரம் விட்டுவிட்டால் குழாய் இறுகிவிடும். அப்போது ஓங்கி இழுத்தால் சுற்றியுள்ள கற்கள் அசையும், அசைந்த கல்லுக்கடியில் மண்சாந்து மீண்டும் ஒட்டாது. ஆகவே குழாயின் மேல் விளிம்பில் எதிரெதிராக இரு துளைகள் போட்டு ஒரு குச்சியைச் செருகிக் கைப்பிடி ஆக்கினோம். கல்லுக்கு நடுவே கைவிட்டுப் பிடிக்க வேண்டிய தொல்லை அதோடு போயிற்று. மற்றொன்று, குழாயை ஒட்டி வைக்கும் கல்லின் கூர்முனை அதன்மேல் அழுந்தக்கூடாது. டகர்மி கல்லை வைத்ததும் நாம் ஒருமுறை திருப்பிப் பார்த்து, உரசினால் உடனே சொல்ல வேண்டும். அவர் கல்லைத் தட்டித் திருத்துவார். நாள் முழுக்கக் குழாய் திருப்புகிறவர் ஒன்றும் செய்யாதவர்போல் தெரிவார். அந்தச் சுவரில் இருக்கும் கம்பிகள் பயன்படுமா, வெறும் அலங்காரமா என்பது அவர் கையில் இருந்தது.

சுவர் நாளொன்றுக்கு இரண்டடிக்கு மேல் உயரக்கூடாது என்பதில் தாஜு கறாராக இருந்தார். மண் இறுகுமுன் மேலே பாரம் ஏறினால் அடிவரி பிதுங்கும். ஒவ்வொரு வரியிலும் கல் தன் படுக்கையில்தான் கிடக்க வேண்டும். முகம் அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத் தட்டைக் கல்லைச் செங்குத்தாக நிறுத்தி ஒட்டவைக்கும் பழக்கம் பழைய சுவர்களில் இருந்தது. இங்கே அது அனுமதிக்கப்படவில்லை. நடுவில் சக்கையைக் கொட்டவும் கூடாது. ஒவ்வொரு சக்கையையும் இடம் பார்த்து, மண் தடவி, சுத்தியலால் தட்டி அமர்த்த வேண்டும். ஊடுகல் எங்கே இருக்கிறது என்பதை வெளியிலிருந்து யாரும் சரிபார்க்கும்படி அதன் இரு முனைகளிலும் சிவப்புச் சாயம் பூசினோம். குழுத் தலைவி மாலைதோறும் வந்து அந்தச் சிவப்புப் புள்ளிகளை எண்ணிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். ஒரு மாலை, பின்சுவரில் ஒரு வரியில் இடைவெளி கூடுதலாக இருக்கிறதென்று அவர் சொல்லி, அளந்து பார்த்து, மூன்று கல் பிரித்து ஒரு கட்டையைச் செருகினார்கள். எந்தப் பொறியாளரின் வருகையையும் விட அந்த எண்ணிக்கை சுவருக்கு நல்லது செய்தது.

கட்டடத்தில் பெரிய தகராறு ஜன்னலால் வந்தது. கிழக்கு அறையில் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி மூலையை ஒட்டி அகலமான ஜன்னல் வேண்டும் என்று குழுவில் பலர் விரும்பினார்கள். மூலையிலிருந்து குறைந்தது 600 மில்லிமீட்டர் தள்ளியே திறப்பு வர வேண்டும், ஒரு சுவரில் உள்ள திறப்புகளின் மொத்த அகலத்துக்கும் வரம்பு உண்டு என்று பொறியாளர் மறுத்தார். இரண்டு கூட்டம் நடந்தது. கடைசியில் ஜன்னல் சுவரின் நடுவுக்கு நகர்ந்தது, அகலமும் குறைந்தது. காட்சி போயிற்று என்ற குறை சிலருக்கு இன்னும் இருக்கக்கூடும். வெளியிலிருந்து போனவர்கள் இந்தப் பேச்சில் வாயைத் திறக்காமல் இருந்தது நல்லதே என்று நினைக்கிறேன். அந்தக் கூரைக்கடியில் உட்காரப் போகிறவர்கள் நாங்கள் அல்ல.

ஜன்னலின் அடிமட்டத்தில் ஒன்று, கதவு ஜன்னலுக்கு மேலே லிண்டலில் ஒன்று, சுவர் முடியும் இடத்தில் ஒன்று என மேலும் மூன்று பெல்ட். ஒவ்வொன்றும் 75 மில்லிமீட்டர் உயரம், இரண்டு நீளக் கம்பிகள், 150 மில்லிமீட்டருக்கு ஒன்றாகக் குறுக்குக் கொக்கிகள், கலவை சிமெண்ட், மணல், ஜல்லி 1:1½:3. ஒரு பெல்ட்டுக்கு ஏறக்குறைய 7 மூட்டை சிமெண்ட் பிடித்தது. கொக்கி வளைப்பது முழுக்கத் தன்னார்வலர்களின் வேலை: ஒரு மரத்துண்டில் ஆணி அடித்து அச்சு செய்துகொண்டு, கூட்டமாக உட்கார்ந்து வளைத்தோம். மூலையில் மட்டும் கம்பியை எங்கள் கையில் விடவில்லை. இரண்டு சுவரின் கம்பிகளும் மூலையோடு நின்றுவிட்டால் பெல்ட் போட்டதே வீண். ஒரு சுவரின் கம்பி மூலை திரும்பி அடுத்த சுவருக்குள் போதிய நீளம் போய், அங்குள்ள கம்பியோடு சேர்த்துக் கட்டப்பட வேண்டும். தாஜு ஒவ்வொரு மூலையிலும் தானே உட்கார்ந்து கட்டுக்கம்பி முறுக்கினார்.

லிண்டல் பெல்ட்டுக்கு வந்த சிமெண்டில் சில மூட்டைகள் கட்டி தட்டியிருந்தன. கையால் நசுக்கினால் உதிர்கிற கட்டி என்றால் சாக்கு அடுக்கின் அழுத்தத்தால் வந்தது, பயன்படுத்தலாம். இவை கல்லாகவே இருந்தன. கடைக்காரர் திரும்ப எடுக்க மறுத்தார். குழு அந்த மூட்டைகளைச் சலித்து, உதிர்ந்ததைத் தரைக்கும் திண்ணைக்கும் வைத்துக்கொண்டு, பெல்ட்டுக்குப் புது மூட்டை வாங்கியது. அந்தத் தாமதத்தைவிடப் பெரிய தொல்லை குளிர்தான். அந்த உயரத்தில் சனவரி இரவுகளில் கான்கிரீட் மெதுவாகத்தான் இறுகும். மாலையில் நீர் தெளிப்பதை நிறுத்தி, ஈரச் சணல் சாக்கின் மேல் வைக்கோலும் அதன்மேல் தார்ப்பாயும் போட்டு மூடி, காலை வெயில் வந்தபின் திறந்து நீர் தெளித்தோம். பத்து நாளுக்குக் குறையாமல் இது நடந்தது. அடுத்த வரிக் கல்லை அவசரப்பட்டு ஏற்றவில்லை.

ஊர் வேலைநேரம் நமக்குப் புதிது. விடிந்ததும் ஒரு தேநீரோடு தொடங்கி, பத்து மணிக்குப் பருப்பும் சோறும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, நடுப்பகலில் அவலோ வறுத்த சோளமோ கொறித்துக்கொண்டு, பொழுது சாயும்வரை வேலை. காலை இட்லி தோசைக்குப் பழகிய வயிறு இந்தப் பத்து மணிச் சோற்றோடு சமாதானமாகச் சில நாள் ஆயிற்று. ஆள் சேர்ந்தது 'பர்மா' என்ற முறையில்: இன்று உன் நிலத்துக்கு நான், நாளை என் நிலத்துக்கு நீ என்று வேலையை வேலையாலேயே அடைப்பது. பொதுக் கட்டடமாதலால் வீட்டுக்கு ஓர் ஆள் முறை வைத்து வந்தார்கள். டகர்மிகளுக்கும் சிகர்மிக்கும் மட்டுமே கூலி. அரசின் வீட்டு மானியமான 3,00,000 நேபாள ரூபாய் 50,000, 1,50,000, 1,00,000 என மூன்று தவணையாக, ஒவ்வொரு கட்டமும் சோதித்த பிறகே கிடைத்ததால், பல குடும்பங்கள் தங்கள் சொந்த வீட்டையும் அதே மாதங்களில் கட்டிக்கொண்டிருந்தன. அந்த நிலையிலும் முறை தவறாமல் ஆள் வந்தது.

எங்களுக்கு இடையிடையே வேறு நாடுகளிலிருந்து சிறு குழுக்கள் வந்து சேர்ந்துகொண்டன. சிலர் நன்றாக உழைத்தார்கள். சிலர் சுவரில் கல் வைத்தே தீருவேன் என்றார்கள். தாஜு புன்னகையோடு உள் குறுக்குச் சுவரின் அடிவரியில் ஓர் இடம் காட்டி, அவர்கள் போனபின் அந்தக் கற்களைப் பிரித்து மீண்டும் வைத்தார். பயிற்சி இல்லாதவர் சுவர் கட்டுவது உதவி ஆகாது. அவருக்குச் செலவாகும் விமானக் கட்டணத்தில் இரண்டு டகர்மிகளின் பல வாரக் கூலி அடங்கிவிடும் என்ற கணக்கையும் மறைக்க முடியாது. ஆனாலும் இந்த மரபை மொத்தமாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. சுவிட்சர்லாந்தின் பியர் செரெசோல் 1920இல் வெர்டன் போர்க்களத்துக்கு அருகிலுள்ள எஸ்ன் கிராமத்தை மீண்டும் கட்டப் பல நாட்டவரையும் சேர்த்துத் தொடங்கிய வேலைமுகாம்தான் பின்னர் சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல் என்ற அமைப்பாக வளர்ந்தது. 1934 சனவரி 15 அன்று பீகாரையும் நேபாளத்தையும் ஒருசேரக் குலுக்கிய நிலநடுக்கத்துக்குப் பிறகு அவர் தோழர்களோடு பீகாருக்கு வந்து கிராமங்களை மறுபடி அமைக்கும் வேலையில் இறங்கினார். குறுகிய விடுமுறைப் பயணமாக அல்ல. அந்தப் பணி ஆண்டுக்கணக்கில் நடந்தது. கால அளவில்தான் வேறுபாடு என்று எனக்குத் தோன்றுகிறது. குழாய் திருப்பக் கற்றுக்கொள்ளவே ஒரு வாரம் ஆகும் இடத்தில் பத்து நாள் விடுப்போடு வருகிறவர் கல் பிரிக்கலாம், கொக்கி வளைக்கலாம், ஜல்லி சலிக்கலாம், கான்கிரீட்டுக்கு நீர் விடலாம். அவை உண்மையான வேலைகள்.

கூரை விரைவாக முடிந்தது. சால் மரச் சட்டங்கள் மேல் பெல்ட்டில் முன்பே பதித்து வைத்திருந்த கம்பிகளோடு இறுக்கப்பட்டன. அவற்றின்மேல் நெளித் தகரம், காற்றுக்குத் தூக்காமலிருக்க ஓரங்களில் கொக்கி ஆணிகள் நெருக்கமாக. முக்கோணப் பகுதியில் கல் ஒன்றுகூட வைக்கவில்லை; மரச்சட்டம் அடித்து அதையும் தகரத்தாலேயே அடைத்துவிட்டோம். பழைய கட்டடத்தில் முதலில் விழுந்தது அந்தப் பகுதிதான். சுவருக்கு வெளியிலும் உள்ளேயும் மண்ணும் சாணமும் கலந்த பூச்சு, அதன்மேல் செம்மண் மெழுகல். இதைப் பெண்கள் யாரையும் கிட்டே விடாமல் தாங்களே இரண்டு நாளில் முடித்தார்கள். ஊடுகல்லின் சிவப்புப் புள்ளிகள் அதனடியில் மறைந்துவிட்டன. எந்தப் புள்ளி எங்கே என்ற வரைபடத்தைக் குழுவின் கணக்கேட்டோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

செலவுக் கணக்கு முழுவதையும் ஒரு அட்டையில் எழுதி வாசலில் மாட்டினார்கள். அதில் அதிகம் பிடித்தது கூரைத் தகரமும் மரமும், அடுத்தது கூலி, சிமெண்டும் கம்பியும் அதற்கும் கீழே. கல்லுக்கும் மண்ணுக்கும் பணம் ஏதும் எழுதப்படவில்லை.

முதல் மழைக்காலம் முடிந்தபின் குழுவிலிருந்து படங்கள் வந்தன. சுவரில் வெடிப்பு இல்லை. பின்பக்கம் மட்டும், மேட்டிலிருந்து வடியும் நீரும் தகரத்தின் சொட்டும் சேர்ந்து தெறித்ததில், தரையிலிருந்து ஓர் அடி உயரம் வரை பூச்சு கரைந்து கல் தெரிந்தது. பேஸ்மட்டத்துக்கு மேலே நீர் ஏறவில்லை என்பதால் சாந்துக்குச் சேதம் இல்லை. வரைபடத்தில் இருந்த கல் பாவிய நடைபாதையும் வடிகாலும் மழைக்கு முன் முடியாமல் நின்றுபோயிருந்தன. தசைன் பண்டிகை முடிந்ததும் மேட்டுப் பக்கத்தில் ஒன்றரை அடி ஆழத்துக்குக் கால்வாய் வெட்டி, மிச்சமிருந்த சக்கைக் கல்லைப் பாவி, நீரைக் கிழக்கு ஓடைக்குத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். கூரையின் பின்சரிவையும் ஒரு தகர நீளம் கூட்டி, சொட்டு அந்தக் கால்வாய்க்குள்ளேயே விழும்படி செய்திருக்கிறார்கள்.